நீல டேப் ஒட்டிய பாசி

ஜனவரி 5

இந்த வருஷமும் கெமிக்கல் கம்பெனிக்காரர் சாருக்கு டைரி கொண்டுவந்து கொடுத்தார். சார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "துளசி, உனக்கு வேணுமாம்மா?" என்றார். வேண்டாம் என்றால் குப்பைக்குப் போகும். வாங்கிக்கொண்டேன்.

அஞ்சாவதோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்களப் பத்தி எழுதத்தானுங்க மாமா."

சிரித்தார். நான் நிஜமாகத்தான் சொன்னேன். இந்த வருஷம் எனக்குக் குமட்டியதை எல்லாம் இதில் எழுதப்போகிறேன். முதல் இடம் அவருக்கே. காலையில் பல் விளக்கும்போது தொண்டைக்குள் விரலை விட்டு அவர் காறுகிற சத்தம் பக்கத்து லேத் பட்டறை வரை கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் இட்லி தின்கிறேன். கருமம்.

ஜனவரி 7

லேப் தொட்டி அடைத்துக்கொண்டது. கையை முழங்கை வரை விட்டு அள்ளினேன். பச்சையாக, வழவழவென்று, யாரோ மூக்கைச் சிந்தி ஊறப்போட்ட மாதிரி. அதில் யாருடைய முடியோ வேறு.

எங்களுடையது பாசி லேப். கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகம், பின்பக்கக் கட்டடம், ஜன்னலைத் திறந்தால் கேன்டீன் சாக்கடை. குடுவை கழுவுவது, பாசிக்குக் கஞ்சி காய்ச்சுவது, கழித்த பாசியை வேகவைத்துக் கொட்டுவது, இதுதான் என் வேலை. கஞ்சி என்றால் சோற்றுக் கஞ்சி இல்லை, உப்பும் மருந்தும் கலந்த தண்ணீர். வேகவைக்க இடுப்புயர ஸ்டீல் டிரம் ஒன்று இருக்கிறது. அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. லேபில் எல்லோருக்கும் அது குக்கர்.

லேபை நடத்துபவர் சற்குணம் சார். அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண் பவதாரணி, தாராபுரத்துக்காரி. வந்த புதிதில் என்னை அக்கா என்றாள்.

"அக்கான்னா ரேசன் கடை லைன்ல நிக்கற மாதிரி இருக்குது. அத்தைன்னு கூப்புடு. பயப்படாதே, கட்டி வெக்க எனக்குப் பையன் இல்ல" என்றேன். அன்றிலிருந்து அத்தை.

ஜனவரி 12

பவதாரணி மைக்ராஸ்கோப்பை டீவியில் மாட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, உங்க ஆளுக நீந்தறதப் பாருங்க."

"எனக்கு ஆளுன்னு இருக்கறது ஒருத்தருதான் கண்ணு. அவருக்கு நீச்சலே தெரியாது."

டீவியில் பச்சைப் பச்சையாக உருண்டை. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் இரண்டு முடி. கிணற்றில் குதித்தவன் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளுவது போல அந்த முடியை அடித்து அடித்துப் போகிறது. புத்தகத்தில் கசையிழை என்று எழுதியிருக்கிறதாம். நான் மீசை என்பேன். சாருக்கும் மீசை அப்படித்தான், இரண்டு பக்கமும் ஒன்று சொன்னபடி கேட்காது.

"இது எப்படி அசையுதுன்னு கண்டுபுடிக்கறதுதான் என் வேலைங்க அத்தை. பாசிக்குள்ள ஜீன் இருக்குதல்லொ, அது ஒரு சீட்டு எழுதி அனுப்பும், இந்தச் சாமானச் செய்யின்னு. அந்தச் சீட்டு போய்ச் சேரறதுக்குள்ள நாங்க கிழிச்சுப்போடுவோம். சாமான் வராது. அப்ப மீச அடிக்குதா, நின்னுபோச்சான்னு பாப்போம்."

"ஜீனையே அறுத்துப்போட்டா ஆகாதா?"

"அது வேறீங்க. இது வாயக் கட்டறது."

"அட, இத முன்னாடியே சொல்லியிருந்தீன்னா எங்க மாமியாளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போயிருப்பனல்லொ!"

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதால் ட்யூபுகளுக்கு அவள் கலர் டேப் வைத்திருக்கிறாள். மஞ்சள் டேப், நல்ல பாசி. சிவப்பு டேப், பிறவியிலேயே மீசை அசையாத பாசி. வேறொரு ஜீன் கெட்டுப்போனது, ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வாங்கியது. நீல டேப், இவள் வாயைக் கட்டியது. உலகத்தில் இவளிடம் மட்டும்தான் இருக்கிறதாம்.

எது நீந்துகிறது என்று பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. நீந்துகிற பாசி என்றால் ட்யூப் முழுக்கப் பச்சையாக இருக்கும். நீந்தாதது அடியில் சட்னி மாதிரி படுத்துவிடும், மேலே வெறும் தண்ணீர். நீல டேப் அத்தனையும் அடியில் படுத்திருந்தது. பவதாரணி ஒவ்வொரு ட்யூபாகத் தூக்கிக் காட்டினாள். குழந்தை பெற்றவள் தொட்டிலைக் காட்டுவது போல இருந்தது. எனக்குப் பார்க்கச் சளியாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். நாளெல்லாம் சாணி. லேபைவிட எவ்வளவோ மணம்.

ஜனவரி 23

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் பவதாரணியின் கட்டுரையைப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீல டேப் பாசியை மறுபடி வளர்த்து, மறுபடி படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அது அச்சாகும் என்று உறுதியானால்தான் மார்ச் கடைசிக்குள் இவள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் ஜெர்மனியில் வேலை. இடம் தயாராக இருக்கிறதாம்.

"ஜெர்மனியில குடுவை கழுவ ஆளு வேணுமான்னு கேளு."

"அங்க மிஷினே கழுவுமாமுங்க அத்தை."

"மிஷினு உன்னக் கிண்டல் பண்ணுமா?"

சிரித்தாள். டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது பாதி உடைந்து விழுந்து, அந்தச் சகதியை ஸ்பூனால் அள்ளித் தின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படித்தவர்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 3

காலையில் அலமாரி விளக்கைப் போட்டேன். நீல டேப் ட்யூபுகள் மேலே வரைக்கும் பச்சை. எல்லாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். பவதாரணி வந்ததும் வாசலிலேயே கைதட்டிச் சொன்னேன்.

"கண்ணு! உன்ற பசங்க எந்திரிச்சுட்டாங்க! நேத்து வரைக்கும் சீக்காளியாட்டக் கெடந்ததுக, இன்னிக்கு நீச்சலடிக்குதுக!"

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஒரு ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கோட் கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

வாய்க்கட்டு விட்டுப்போய்விட்டதாம். இந்தப் பாசி அப்படித்தானாம், நாளாக ஆகச் சீட்டைக் கிழிக்கிற கையைத் தானே மடக்கிவிடுமாம். மறுபடி முதலிலிருந்து வாயைக் கட்டித் தேட வேண்டும். மாசக்கணக்காகும்.

நான் கைதட்டியதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

சார் வந்து பார்த்தார். மோர் குடித்துவிட்டு வந்திருந்தார். மீசை நுனியில் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது, பேசப் பேச அது ஆடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"இது நடக்கறதுதாம்மா. ஆனா மார்ச் நிக்காது. முதல்ல நல்லாத்தானே நின்னுச்சு? நாமதான் பார்த்தோமே."

"ஆமாங்க சார். ஆனா இப்ப..."

"நின்னது உண்மைதானே. அதைக் காட்டணும், அவ்வளவுதான். எப்படிக் காட்டறதுங்கறது உன் சாமர்த்தியம். என்கிட்ட எல்லாத்தையும் கேக்காத."

கறிவேப்பிலை மேசைமேல் விழுந்தது. சார் அதை விரலால் சுண்டினார். நான் துடைத்த தரையில் வந்து விழுந்தது.

பிப்ரவரி 9

மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கொள்ளுப்பருப்புச் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்று டப்பாவைத் திறந்தால் அப்படியே இருக்கிறது, மேலே சாம்பல் நிறத்தில் பூனைமுடி மாதிரி பூஞ்சை. லேபில் இத்தனை பூஞ்சையைக் கழுவியிருக்கிறேன். என் சோற்றில் பார்த்தது இதுதான் முதல் தடவை. வாந்தி வந்தது.

பிப்ரவரி 12

இன்று பஸ் சீக்கிரம் கிடைத்தது. லேப் கதவு திறந்திருந்தது. பவதாரணி மேசையில் சிவப்பு டேப் ரேக்கை வைத்துக்கொண்டிருந்தாள். கத்தியால் ஒரு ட்யூபின் டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல டேப் சுருள்.

பழைய டேப் கிழிந்திருக்கும். மாற்றி ஒட்டுவாள். கலர் எடுக்கும்போது கை தவறியிருக்கும், தூக்கம் கெட்டவள்.

நான் சத்தமில்லாமல் வெளியே வந்து, கேன்டீன் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வெங்காயத் தோல், பால் பாக்கெட், செத்த எலி. நன்றாக நேரம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டே, செருப்பை உரக்கத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

"யாரு அது, பாசிக்கு முன்னாடி எந்திரிச்சது?" என்றேன்.

"தூக்கம் வரலீங்க அத்தை" என்றாள். விரல் நுனியெல்லாம் சிவப்புப் பசை.

பிப்ரவரி 13

நீல டேப் பாசி மறுபடி அடியில் படுத்துவிட்டது. சார் அவள் தோளைத் தட்டினார். சிவப்பு ரேக்கில் நடுவே இடம் காலியாக இருக்கிறது. பொக்கை வாய் மாதிரி. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க நான் யார்.

பிப்ரவரி 14

கேன்டீன் சாம்பாரில் ஈ. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். முன்பெல்லாம் செய்ய மாட்டேன்.

பிப்ரவரி 21

படம் அனுப்பியாயிற்று. பவதாரணி இப்போது என் பக்கம் வந்தால் வேகமாகப் பேசுகிறாள். புடவை நல்லா இருக்குதுங்க, மாமா எப்படி இருக்காருங்க, இன்னிக்கு என்ன குழம்புங்க. கேள்விக்கு மேல் கேள்வி. பதில் கேட்க நிற்பதில்லை. நானும் கிண்டல் பண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். வாய் தானாகப் பேசுகிறது.

மார்ச் 4

பத்திரிகைக்காரர்கள் சரி என்று எழுதிவிட்டார்கள். சார் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார். நெய் மேல்வாயில் மெழுகு மாதிரி அப்பிக்கொண்டது, விரலால் வழித்து எடுக்க வேண்டியிருந்தது.

எனக்குத்தான் முதல் துண்டு என்று பவதாரணி ஊட்ட வந்தாள். அவள் கை என் வாய்க்கு அருகே வந்தபோது தலை தானாகப் பின்னால் போனது. அவள் பார்த்துவிட்டாள்.

"சக்கர வியாதி கண்ணு. டாக்டர் வேண்டாமுன்னாரு" என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. அவளுக்கும் தெரியும்.

மார்ச் 10

குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா சாருக்குப் போன் பண்ணியிருக்கிறார். பெயர் மெர்லின். சார் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

நம் மூச்சுக்குழாய்க்குள்ளும் இதே மீசை இருக்கிறதாம். அது அடித்து அடித்துத்தான் சளி மேலே வருகிறதாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது அசையாது, சளி உள்ளேயே தங்கி நெஞ்சு அழுகிவிடும். பவதாரணி வாயைக் கட்டிய ஜீன் மனுசனுக்கும் இருக்கிறது. இவள் கண்டுபிடித்தது சரி என்றால் அந்தக் குழந்தைகளுக்கு எந்த ஜீனில் கோளாறு என்று அங்கே தேடலாம். டாக்டரம்மா அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் வந்து நீல டேப் பாசியைக் கொஞ்சம் வாங்கிப்போய்ச் சோதிக்கிறாராம்.

"தாராளமா வாங்க" என்று சார் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.

பவதாரணி பாத்ரூம் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

மார்ச் 16

குடுவை கழுவுகிற இடத்துக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அத்தை, ஒரு உதவீங்க."

"சொல்லு கண்ணு."

"அந்த நீல ரேக்... அத குக்கர்ல போட்டுருங்க. கழிவுப் பையோட சேந்துபோச்சு, தெரியாம வேக வெச்சுட்டேன்னு சொல்லுங்க. சாரு ரெண்டு நாளு திட்டுவாரு. அவ்வளவுதானுங்க. உங்கள வேலைய விட்டெல்லாம் எடுக்க மாட்டாங்க."

நான் குடுவைக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங் கண்ணு, நீயே கை தவறிப் போட்டேன்னு சொல்றதுதானே?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க அத்தை." என் புறங்கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அது எனக்குப் புரிந்தது. அஞ்சாங்கிளாஸ் படித்தவள் தப்புப் பண்ணினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதைச் சுற்றி வளைத்து, என் புறங்கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை அத்தை என்று சொல்கிறாள். அவள் கை ஈரமாக, ஜில்லென்று, தவளை மாதிரி இருந்தது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ரேக்கில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 17

சார் கூப்பிட்டார். போனில் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"துளசி, அலமாரியில பழசு நிறைய சேர்ந்துடுச்சு. வியாழக்கிழமைக்குள்ள கழிச்சுடும்மா. இடம் அடையுது."

"எதைங்க சார்?"

"பழசுன்னா பழசுதான். எல்லாத்தையும் நான் சொல்லணுமா?"

சார் வேறு எதையாவது சொல்லியிருப்பார். எனக்குத்தான் எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது.

மதியம் போனில் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போட்டுட்டு வா. புள்ள பொழைக்கட்டும். உனக்கென்ன, திட்டு வாங்குனா தோல் உரிஞ்சுருமா?" என்றார். சொல்லிவிட்டுப் போனிலேயே காறித் துப்பினார்.

மார்ச் 18

போட்டுவிட்டேன்.

நீல ரேக் முழுக்க. மூடியை இறக்கித் திருகைத் திருகி, சுவிட்சைப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆவி வர ஆரம்பித்ததும் வாடை வந்தது. தினமும் வருகிற வாடைதான். அழுகின கீரையை மீன் கழுவின தண்ணீரில் வேகவைத்த மாதிரி. இத்தனை வருஷமாக மூக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறியபின் திறந்தேன். பச்சை போய்விட்டது. அடியில் பழுப்பாக, கட்டியாக. டேப் மட்டும் நீலமாகவே இருந்தது, ஓரம் சுருண்டு, அதன் அடியில் சிவப்பு நூல் மாதிரி ஒரு கோடு.

புளி போட்டுக் கை கழுவினேன். எலுமிச்சை போட்டுக் கழுவினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். காற்று வருகிற ஜன்னலுக்காகப் போயிருக்கலாம்.

பவதாரணியைப் போலப் பத்துப் பேர் இந்த லேபுக்கு வந்து போயிருக்கிறார்கள். ஜெர்மனிக்குப் போனால் இவளும் போனவள்தான். நான் ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 19

டாக்டரம்மா வந்தார். குள்ளமாக, பெரிய பையோடு, செருப்பெல்லாம் புழுதி. சார் காபி வரவழைத்தார். நான் டம்ளர்களை வைத்தேன். பவதாரணி சுவரோரம் நின்றாள்.

டாக்டரம்மா போனில் ஒரு வீடியோ காட்டினார். சாருக்குக் காட்டிவிட்டு எனக்கும் திருப்பினார், அப்படிப்பட்டவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை குப்புறப் படுத்திருக்கிறது. அம்மா முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறாள். குழந்தை இருமி இருமி, கடைசியில் ஒரு கிண்ணத்தில் துப்புகிறது. கயிறு மாதிரி, பச்சையாக, அறுபடாமல் வருகிறது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மா முகத்தைச் சுளிக்கவே இல்லை. விரலால் வழித்து எடுத்து, கிண்ண ஓரத்தில் தேய்த்துவிட்டு, எவ்வளவு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறாள்.

"தெனம் மூணு வேளை இப்படித் தட்டணும். எந்த ஜீன்னு தெரிஞ்சா அடுத்த குழந்தைக்காவது முன்கூட்டியே பார்த்துடலாம். அதான் ஓடி வந்தேன். பாசியைக் கொஞ்சம் குடுங்க சார்."

சார் பவதாரணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சார் என் பக்கம் திரும்பினார்.

"துளசி, நீல ரேக் எங்கம்மா?"

அந்த வீடியோவைப் பார்த்த பிறகும் நான் சொன்னேன்.

"வேக வெச்சுட்டனுங்க சார். கழிவுப் பையின்னு நெனச்சுப் போட்டுட்டனுங்க."

சார் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பார்த்தீங்களா டாக்டர்? இதுகளை வெச்சுக்கிட்டுத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம்! நாலு வருஷ உழைப்பு! ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாதுன்னு கலர் டேப் ஒட்டிக் குடுத்தோம். மாட்டுக்குக்கூட தன் தொட்டி எதுன்னு தெரியும். இதுக்குத் தெரியல! கழுவற வேலைக்குக்கூட லாயக்கில்லாத ஜென்மம்!"

திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. வயிற்றுக் கோளாறுக்காரனுக்குப் பேதி மருந்து வேலை செய்கிற மாதிரி. எச்சில் தெறித்து என் கன்னத்தில் விழுந்தது. நான் துடைக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றேன். "ஆமாங்க சார், தப்புத்தானுங்க சார்" என்று அங்கங்கே சொன்னேன். டாக்டரம்மா, "பரவால்ல சார், விடுங்க, பாவம்" என்றார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"அவங்கள விடுங்க சார்."

பவதாரணியின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

"அத்தைய நாந்தான் வேக வெக்கச் சொன்னேன்."

"பவதாரணி, நீ வெளிய போ" என்றார் சார்.

"நீல டேப்புல இருந்தது என்னுது இல்லீங்க டாக்டர். செவப்பு டேப்புப் பாசி, பொறவியிலயே அசையாதது, வேற ஜீனு. நாந்தான் டேப்ப மாத்துனேன். என்னுது பிப்ரவரியிலயே நீந்த ஆரம்பிச்சிருச்சு. நாங்க அனுப்புன படத்துல இருக்கறதும் செவப்புதான்."

"இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல டாக்டர். ரொம்ப நாளா தூக்கமில்ல..."

டாக்டரம்மா சாரைப் பார்க்கவே இல்லை. போனை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"உங்க பாசி, முதல்ல நின்னுச்சே, அது நிஜமாவே அந்த ஜீனாலதானா?"

"தெரியாதுங்க டாக்டர். அப்படித்தான் நெனச்சேன். மறுபடி பண்ணுனாத்தான் தெரியும்."

"சரி. அப்ப இன்னும் தெரியாதுன்னு எழுதிக்கறேன்." பையைத் தோளில் மாட்டினார். "தப்பா தெரியறதுக்கு இது எவ்வளவோ மேல். தெரிஞ்சா போன் பண்ணுங்க."

போய்விட்டார். காபியைக் குடிக்கவில்லை. சார் உட்கார்ந்து தன் காபியைக் குடித்தார், பிறகு டாக்டரம்மாவுடையதையும் எடுத்துக் குடித்தார்.

மார்ச் 20

எனக்கு மெமோ. இங்கிலீஷில். யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 8

கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். எல்லாம் அந்தப் பெண்ணின் தப்பு, தனக்கு எதுவும் தெரியாது என்று சார் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பவதாரணியும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாமர்த்தியம் என்ற வார்த்தையை யாரும் எழுதவில்லை. ஜெர்மனிக்காரர்கள் இடம் இல்லை என்றுவிட்டார்கள். இங்கே பட்டத்துக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், கடைசித் தடவையாக. மஞ்சள் டேப்பிலிருந்து எடுத்து மறுபடி வாயைக் கட்ட வேண்டும்.

இத்தனை நாளும் அவள் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்று தொட்டியண்டை வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, குடுவையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கவும் தெரியவில்லை. பிரஷ்ஷைச் சுவரில் படாமல் நடுவில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க ஏன் போட்டீங்க?"

"நீதானே கண்ணு சொன்னே."

"நான் சொன்னா போட்டுருவீங்களா?" திரும்பி என்னைப் பார்த்தாள், கண்ணெல்லாம் கோபம். "உக்காந்தா கிண்டல், நின்னா கிண்டல். பிஸ்கட் தின்னா கிண்டல். அன்னிக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே சொல்லல? ஒரு வார்த்த ஏசியிருந்தீங்கன்னா நானே ரேக்கத் தூக்கிட்டுப் போயிருப்பனுங்க. டேப்பு மாத்துன அன்னிக்கே நீங்க பாத்தீங்க. செருப்பத் தேச்சுட்டு பாட்டுப் பாடிட்டு வந்தீங்களே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

குழாயை மூடினேன்.

"அடி நாறச் சிறுக்கி" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருந்த பொம்பளையின் கையை நினைத்தாயா என்றேன். தாராபுரத்திலிருந்து உன்னைப் படிக்க அனுப்பினது டேப் சுரண்டவா என்றேன். என் கையைப் பிடித்து அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே என்னை மாடாக்கினாயே என்றேன். உன்னைப் பார்த்தே எனக்குக் குமட்டியது, உன்னைப் பார்த்து, தெரியுமா என்றேன். கிண்டல் ஒரு பொட்டும் இல்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. எனக்கும் சேர்த்துத்தான் ஏசினேன், அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் குடுவையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை காலி இல்லை. இரண்டு தடவை பிரஷ்ஷை அவள் கையிலிருந்து பிடுங்கி, இப்படித் தேய் என்று காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"இன்னும் இருக்குதுங்களா அத்தை?"

"இருக்குது" என்றேன். அடுத்த குடுவையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.